இடப்பக்கத்தைக் கவனிக்காதவர்களுக்குப் பிரிசம் கண்ணாடிப் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையின் வலப்பக்கத்தில் ஸ்ட்ரோக் வந்தவர்களில் பலருக்கு இடது கைகால் பலவீனத்தோடு இன்னொரு சிக்கலும் சேர்ந்து வருகிறது. இடப்பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர்கள் கவனிப்பதில்லை. டாக்டர்கள் இதை ‘நெக்லெக்ட்’ என்பார்கள். தமிழில் ஒருபக்கப் புறக்கணிப்பு என்று எழுதுகிறார்கள். விபத்தில் தலையில் அடிபட்டவர்களுக்கும், மூளையில் கட்டி வந்தவர்களுக்கும்கூட இது வரலாம். இதற்குத் தரும் சிகிச்சைகளில் ஒன்றுதான் பிரிசம் கண்ணாடிப் பயிற்சி. இந்தச் சிக்கல் உள்ளவருக்குத் தனக்குச் சிக்கல் இருப்பதே பெரும்பாலும் தெரியாது என்பதால், வீட்டில் இருந்து பார்த்துக்கொள்பவர்களை மனதில் வைத்தே பதில்களை எழுதியிருக்கிறேன்.

அப்பா இலையில் பாதிச் சாப்பாட்டை அப்படியே விட்டுவிடுகிறார். உப்பு வைக்கவே இல்லை என்று சண்டை வேறு. கண் தெரியவில்லையா?

கண்ணில் கோளாறு எதுவும் இல்லாமலே இப்படி நடக்கும். நாம் இலையை நுனி இடப்பக்கம் வரும்படி போடுகிறோம். உப்பு, ஊறுகாய், இனிப்பு, பச்சடி எல்லாம் அந்தப் பக்கம்தான் வரும். புறக்கணிப்பு உள்ளவர் வலப்பக்கம் இருக்கும் பொரியலையும் கூட்டையும் காலி செய்திருப்பார். சோற்றில்கூட வலப்பாதியை மட்டும் பிசைந்து சாப்பிட்டுவிட்டு, இன்னும் பசிக்கிறது என்பார். இலையை அப்படியே அரைச்சுற்று திருப்பி வையுங்கள். ‘அட, இதை எப்ப வச்சீங்க?’ என்று கேட்டுவிட்டு மீதியைச் சாப்பிட ஆரம்பித்தால், விஷயம் இதுதான் என்று சந்தேகப்படலாம்.

சாப்பாட்டில் மட்டும் தெரிவதில்லை. முகத்தின் வலப்பக்கம் மட்டும் ஷேவ் செய்திருப்பார். மூக்குக் கண்ணாடியின் இடது கம்பி காதில் மாட்டாமல் தொங்கும். சேலை கட்டும் பெண்களுக்கு முந்தானை விழுவதே இடது தோளில்தான். அது நழுவித் தரையில் இழுபட்டாலும் அம்மாவுக்குத் தெரியாது. சக்கர நாற்காலியை ஓட்டும்போது கதவு நிலையின் இடப்பக்கத்தில் இடித்து, ஏன் நகரவில்லை என்று புரியாமல் தள்ளிக்கொண்டே இருப்பார். ‘தலைவாசல்’ என்று எழுதியிருப்பதை ‘வாசல்’ என்று வாசிப்பார். மாத்திரை அட்டையில் வலது வரிசை மட்டும் காலியாகியிருக்கும். இந்தக் கடைசி அறிகுறியைப் பலரும் தாமதமாகத்தான் கவனிக்கிறார்கள்.

வேண்டுமென்றே செய்கிறாரோ என்று தோன்றுகிறது. இடப்பக்கம் உட்கார்ந்தால் என்னைத் திரும்பியே பார்ப்பதில்லை.

வேண்டுமென்று இல்லை. சோம்பேறித்தனமும் இல்லை, உங்கள் மேல் கோபமும் இல்லை. வீட்டார் மனசு உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1978இல் இத்தாலியைச் சேர்ந்த பிசியாக், லுட்சாத்தி என்ற இருவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மிலான் நகரில் பேராலயத்துக்கு முன்னால் ஒரு பெரிய சதுக்கம் உண்டு. அந்த ஊர்க்காரர்களுக்கு அது அத்துப்படி. புறக்கணிப்பு இருந்த நோயாளிகளிடம், சதுக்கத்தின் எதிர்முனையில் நின்று பேராலயத்தைப் பார்ப்பதாக நினைத்துக்கொண்டு சுற்றிலும் என்னென்ன கட்டடங்கள் இருக்கின்றன என்று சொல்லச் சொன்னார்கள். அவர்கள் வலப்பக்கக் கட்டடங்களை வரிசையாகச் சொன்னார்கள். இடப்பக்கத்தில் பெரும்பாலானவை விட்டுப்போயின. அடுத்து, பேராலயத்தின் வாசலில் நின்று எதிர்ப்பக்கம் பார்ப்பதாக நினைக்கச் சொன்னார்கள். இப்போது முன்பு விட்டவையெல்லாம் வலப்பக்கம் வந்துவிட்டன அல்லவா, அவற்றைச் சரியாகச் சொன்னார்கள். கொஞ்சம் முன்பு தாங்களே சொன்ன கட்டடங்கள் விட்டுப்போயின.

அங்கே கண்ணுக்கு வேலையே இல்லை. ஞாபகமும் அழியவில்லை. இடப்பக்கத்தின் மேல் கவனத்தைக் கொண்டுபோகும் மூளை வேலைதான் கெட்டிருந்தது. மனதுக்குள் பார்க்கும் காட்சியிலேயே இடப்பக்கம் விட்டுப்போகிறது என்றால், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மனைவி விட்டுப்போவதில் ஆச்சரியம் என்ன?

பாதிப் பார்வை போய்விட்டது என்று ஒரு டாக்டர் சொன்னார். அதுவும் இதுவும் ஒன்றா?

இல்லை. பார்வைப் புலத்தில் பாதி போனவருக்கு அந்தப் பக்கம் காட்சி வராது. ஆனால் அது தெரியவில்லை என்று அவர் பெரும்பாலும் உணர்ந்துகொள்வார், தலையைத் திருப்பிச் சமாளிக்கப் பழகிக்கொள்வார். புறக்கணிப்பு உள்ளவருக்குத் திரும்ப வேண்டும் என்ற எண்ணமே வராது. சத்தம், தொடுகை, தன் உடம்பின் இடப்பாதி எல்லாவற்றிலும் இது தெரியலாம். சிலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். அதனால்தான் கண் டாக்டர் சோதனையும் தேவைப்படுகிறது.

ஏன் எப்போதும் இடப்பக்கமே பாதிக்கிறது?

எப்போதும் என்று சொல்ல முடியாது. மூளையின் இடப்பக்கம் அடிபட்டால் வலப்பக்கப் புறக்கணிப்பும் வரும். ஆனால் அது குறைவு, பெரும்பாலும் லேசாக இருக்கும், சீக்கிரம் சரியாகும். பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம் இது: இடது மூளை பெரும்பாலும் வலப்பக்கத்தை மட்டும் கவனிக்கிறது. வலது மூளை இரு பக்கத்தையும் கவனிக்கிறது. இடது மூளை கெட்டால் வலது மூளை ஓரளவு ஈடுகட்டிவிடும். வலது மூளை கெட்டால் இடப்பக்கத்தைக் கவனிக்க ஆள் இல்லை. காதுக்கு மேலும் பின்னும் இருக்கும் மூளைப் பகுதிகளும் அவற்றையொட்டிய வலைப்பின்னலும் அடிபடும்போது இது அதிகம் வருகிறது.

வீட்டிலேயே சோதித்துப் பார்க்க முடியுமா?

சந்தேகத்தைக் கிளப்பும் அளவுக்கு முடியும். வெள்ளைத் தாளைக் குறுக்குவாட்டில் வைத்து, சுமார் 20 செ.மீ. நீளக் கோடு ஒன்று போட்டு, நடுவில் ஒரு குறி வைக்கச் சொல்லுங்கள். நம்மில் யார் வைத்தாலும் சில மில்லிமீட்டர் தப்பும். புறக்கணிப்பு உள்ளவர் வலது முனையை நோக்கி நன்றாகத் தள்ளி வைப்பார். கடிகாரம் வரையச் சொன்னால் 12 எண்களையும் வலப்பாதியிலேயே நெருக்கி எழுதுவார், அல்லது 6 வரை எழுதிவிட்டு முடிந்தது என்பார். தாளை அவருக்கு நேர் எதிரே வையுங்கள், நீங்களும் எதிரே உட்காருங்கள். தாளை அவரே நகர்த்த விடாதீர்கள்.

இதில் தேறிவிட்டார் என்பதால் சிக்கல் இல்லை என்று ஆகிவிடாது. தாளில் நன்றாகச் செய்துவிட்டு, நடக்கும்போது தூணில் இடிப்பவர்கள் உண்டு. அதனால்தான் சிகிச்சையாளர்கள் சாப்பிடுவது, உடுத்துவது, நடமாடுவது போன்ற பத்து அன்றாட வேலைகளைப் பார்த்து மதிப்பெண் போடும் கேத்தரின் பெர்ஜெகோ அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 30. மதிப்பெண் கூடினால் சிக்கல் அதிகம் என்று அர்த்தம்.

சரி, பிரிசம் கண்ணாடி என்றால் என்ன?

பள்ளிக்கூடத்தில் வெளிச்சத்தைப் பிரித்துக் காட்டிய முப்பட்டகம் ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கும் ஆப்பு வடிவக் கண்ணாடி ஒளியை வளைக்கும். அப்படிப்பட்ட இரண்டு கண்ணாடிகளை ஒரே திசையில் சட்டத்தில் பொருத்தினால் பார்க்கும் உலகம் முழுவதும் ஒரு பக்கமாக நகர்ந்து தெரியும். காட்சி மெலிந்த விளிம்பின் பக்கம் நகரும். இடப்பக்கப் புறக்கணிப்புக்குத் தடித்த விளிம்பு இடப்பக்கம் இருக்க வேண்டும், அப்போது காட்சி வலப்பக்கம் நகரும்.

நகர்வின் அளவு பெரும்பாலும் 10 டிகிரியை ஒட்டி இருக்கும். கண்ணாடிக் கடைக்காரர்கள் இதை டயாப்டரில் சொல்வார்கள். ஒரு பிரிசம் டயாப்டர் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு சென்டிமீட்டர் நகர்வு. 20 டயாப்டர் என்பது ஏறத்தாழ 11 டிகிரி.

பயிற்சியில் என்னதான் செய்வார்கள்?

பார்ப்பதற்கு ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ‘இவ்வளவுதானா?’ என்று கேட்டுவிடுவீர்கள்.

நோயாளி மேசை முன்னால் உட்காருவார். மேசையில் அவருக்கு நடுவிலிருந்து கொஞ்சம் இடத்திலும் கொஞ்சம் வலத்திலும் புள்ளிகளோ நிற ஸ்டிக்கர்களோ இருக்கும். தாடைக்குக் கீழே ஒரு பலகை அல்லது துணித் தடுப்பு. அது எதற்கு என்றால், கை புறப்படுவது தெரியக் கூடாது. புள்ளியில் போய் முடியும்போது விரல் நுனி மட்டும் தெரிந்தால் போதும். கண்ணாடி இல்லாமல் சில முறை தொட்டுக் காட்டச் சொல்லி, எவ்வளவு தப்புகிறது என்று சிகிச்சையாளர் குறித்துக்கொள்வார்.

இப்போது கண்ணாடியை மாட்டிவிடுகிறார்கள். முதல் தடவை கை புள்ளிக்கு வலப்பக்கமாகப் போய் விழும். 50 செ.மீ. தூரத்தில் 10 டிகிரி என்றால் கிட்டத்தட்ட 9 செ.மீ. தள்ளி. இரண்டாவது தடவை தப்பு குறையும், மூன்றாவதில் இன்னும் குறையும். பத்து, பதினைந்து தடவைக்குள் பெரும்பாலானோர் கண்ணாடியோடே சரியாகத் தொட ஆரம்பித்துவிடுவார்கள். அங்கே நிறுத்துவதில்லை. இடம், வலம் என்று மாற்றி மாற்றி 50 முதல் 100 முறை வரை, நிதானமாக இல்லாமல் வேகமாகத் தொட வேண்டும். யோசித்துத் தொட்டால் வேலை ஆகாது. உடம்பு தானாகத் திருத்திக்கொள்ள வேண்டும்.

அப்புறம்தான் விஷயமே. கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கை தெரியாதபடி மறைத்து, மறுபடி தொடச் சொல்கிறார்கள். கை இப்போது இடப்பக்கமாகத் தப்பும். பின்விளைவு என்று இதைச் சொல்வார்கள். இந்த இடப்பக்கச் சாய்வு வந்திருக்கிறதா என்று பார்க்காமல் அமர்வை முடித்தால், பயிற்சி ஏறியதா இல்லையா என்று தெரியாது. பயிற்சியைப் பார்க்கப் போனால் நீங்கள் கவனிக்க வேண்டியதும் அதையே.

அமர்வு மொத்தமும் 15 முதல் 20 நிமிடத்தில் முடியும். வலது மூளை ஸ்ட்ரோக்கில் இடக்கை செயலிழந்திருக்கும், வலக்கை வேலை செய்யும். தொடுவதற்கு அது போதும். அமெரிக்காவில் நியூஜெர்சியில் உள்ள கெஸ்லர் ஃபவுண்டேஷன் வகுத்த முறையில் 20 டயாப்டர் கண்ணாடியோடு நாளுக்கு ஒன்றாக இரண்டு வாரத்தில் பத்து அமர்வுகள். நாளுக்கு இரண்டு அமர்வு தரும் முறைகளும் உண்டு.

வலப்பக்கமே பார்க்கும் மனிதருக்கு உலகத்தை இன்னும் வலப்பக்கம் நகர்த்தினால் மோசமாகாதா?

நல்ல கேள்வி. கண்ணாடி போட்டிருக்கும்போது கிடைப்பது சிகிச்சை இல்லை, கழற்றிய பிறகு மிச்சம் இருப்பதே சிகிச்சை. வலப்பக்கம் நகர்ந்த உலகத்தைச் சமாளிக்க மூளை கையை இடப்பக்கம் திருப்பக் கற்றுக்கொள்கிறது. கண்ணாடி போன பிறகும் அந்தத் திருத்தம் கொஞ்ச நேரம் தங்குகிறது. கையோடு சேர்ந்து கவனமும் இடப்பக்கம் இழுபடுகிறது என்பதே இதன் அடிப்படை.

கையைத் திருத்துவதில் சிறுமூளைக்குப் பெரிய பங்கு உண்டு. அது கவனத்தை எப்படி மாற்றுகிறது என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு சுவையான தகவல்: நல்ல ஆரோக்கியமான ஆட்களுக்கு எதிர்த்திசையில், அதாவது இடப்பக்கம் நகர்த்தும் கண்ணாடியோடு இதே பயிற்சியைக் கொடுத்தால், அதன் பிறகு கோட்டின் நடுவைக் குறிக்கும்போது கொஞ்ச நேரம் லேசாக வலப்பக்கம் சாய்கிறார்கள். புறக்கணிப்பின் சின்ன மாதிரி அவர்களிடமே வந்துவிடுகிறது.

இதை யார் தொடங்கியது?

பிரிசம் வழியாகப் பார்த்துக் கை பழகிக்கொள்வதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விவரித்திருக்கிறார். புறக்கணிப்புக்குச் சிகிச்சையாக அதைக் கொண்டுவந்தது பிரான்சின் லியோன் நகரைச் சேர்ந்த ஈவ் ரோசெத்தியும் அவருடைய குழுவும். 1998இல் நேச்சர் இதழில் வந்தது அந்தக் கட்டுரை. 10 டிகிரி கண்ணாடி, 50 தடவை தொடுதல், சில நிமிடங்களே. கோடு, படம் வரைதல், வாசிப்பு போன்ற சோதனைகளில் நோயாளிகள் தேறினார்கள். அந்த முன்னேற்றம் குறைந்தது இரண்டு மணி நேரம் நீடித்தது. அதற்கு முன் இடது காதில் குளிர்ந்த நீர் ஊற்றுவது போன்ற வழிகள் இருந்தன. அவற்றின் பலன் சில நிமிடங்களில் கரைந்துவிடும். அதனால் இரண்டு மணி நேரம் என்பது அப்போது பெரிய செய்தி.

உண்மையிலேயே பலன் இருக்கிறதா? நேராகச் சொல்லுங்கள்.

சோதனைத் தாளில் பலன் பலமுறை தெரிந்திருக்கிறது. வாழ்க்கையில் பலன் கலவையாகத்தான் இருக்கிறது.

2002இல் இத்தாலியில் ஃப்ராசினெத்தி குழுவினர் ஏழு பேருக்கு இரண்டு வாரம், நாளுக்கு இரண்டு அமர்வு கொடுத்தார்கள். பயிற்சி முடிந்து ஐந்து வாரம் கழித்தும் முன்னேற்றம் நின்றது. ஏழு பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கை, இருந்தாலும் பலருக்கு ஊக்கம் கொடுத்தது இந்த ஆய்வு. 2011இல் ஜப்பானில் பல மருத்துவமனைகள் சேர்ந்து, நிஜப் பிரிசத்தையும் வெறும் கண்ணாடியையும் ஒப்பிட்டன. நிஜப் பிரிசம் கிடைத்தவர்கள் அன்றாட வேலைகளில் கூடுதலாக முன்னேறினார்கள், அதிலும் பாதிப்பு லேசாக இருந்தவர்களுக்கு நல்ல பலன்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2010இல் பிரிட்டனில் டர்ட்டன் குழு செய்த சோதனையில், தன்னைத்தானே கவனித்துக்கொள்ளும் திறனில் நிஜக் கண்ணாடிக்கும் போலிக் கண்ணாடிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் பயன்படுத்தியது 6 டிகிரிதான், அது போதாமல் போயிருக்கலாம் என்று பலர் சமாதானம் சொன்னார்கள். ஆனால் 2017இல் நெதர்லாந்தில் டென் பிரிங்க் குழு 10 டிகிரி கண்ணாடியோடு பத்து அமர்வு கொடுத்துப் பார்த்தது. ஸ்ட்ரோக் வந்து அதிக காலம் ஆகாதவர்களிடம், வழக்கமான சிகிச்சையால் கிடைக்கும் முன்னேற்றத்துக்கு மேல் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. 2021இல், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு 65 சோதனைகளை, மொத்தம் 1,951 பேரை, எடுத்துப் பார்த்தது. மருந்தில்லாச் சிகிச்சைகளில் எதுவுமே அன்றாட வாழ்க்கையில் நிலையான பலன் தருவதாக நிரூபணமாகவில்லை என்பது அதன் முடிவு. பிரிசம் மட்டும் தோற்றது என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள். எல்லாவற்றுக்கும் ஆதாரம் பலவீனம் என்கிறார்கள். அமெரிக்க இதயச் சங்கத்தின் 2016ஆம் ஆண்டு வழிகாட்டி, பிரிசம் பயிற்சியை முயன்று பார்க்கத் தகுந்த வழிகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது.

என் கருத்து: செலவு குறைவு, ஆபத்து குறைவு, நேரம் பதினைந்து நிமிடம். தெரிந்த சிகிச்சையாளர் கிடைத்தால் இரண்டு வாரம் முயன்று பார்க்கலாம். ஆனால் அதற்காக நடைப் பயிற்சியையோ மற்றவற்றையோ நிறுத்தக் கூடாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் சாப்பாடு, உடை, நடமாட்டம் எப்படி இருக்கிறது என்று நீங்களே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோட்டின் நடுவைச் சரியாகக் குறித்தார் என்பதில் மட்டும் சந்தோஷப்பட்டு என்ன ஆகப்போகிறது, இலையில் உப்பு கண்ணில் படுகிறதா என்பதுதான் கேள்வி.

நாள் முழுக்கப் போட்டுக்கொண்டால் சீக்கிரம் குணமாகுமா?

ஆகாது. போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தால் எதுவும் நடக்காது; தொட்டுத் தப்புவதும் திருத்துவதும்தான் பயிற்சி. போட்டுக்கொண்டு நடந்தால் விழுந்துவிடுவார்.

குழப்பம் வரக் காரணம் உண்டு. பாதிப் பார்வை போனவர்களுக்காக, மூக்குக் கண்ணாடியின் ஒரு பகுதியில் மட்டும் பிரிசம் ஒட்டி நாள் முழுக்க அணியும் கண்ணாடி இருக்கிறது. அது வேறு சிக்கலுக்கு வேறு கருவி.

ஆன்லைனில் ‘பிரிசம் கண்ணாடி’ என்று விற்கிறார்களே, வாங்கலாமா?

வாங்கும் முன் படத்தைப் பாருங்கள். படுத்துக்கொண்டே டிவி பார்க்கவும் புத்தகம் படிக்கவும் விற்கும் கண்ணாடிக்கும் இதே பெயர்தான். அது பார்வையைக் கீழ்நோக்கி மடக்கும், நமக்குச் சுத்தமாக உதவாது. சரியான கண்ணாடியே கிடைத்தாலும் தடித்த விளிம்பு எந்தப் பக்கம் என்று மாறிவிட்டால் எதிர்த்திசையில் பயிற்சி கொடுத்துவிடுவீர்கள். முதலில் சிகிச்சையாளரிடம் தொடங்குங்கள். அவர் சொல்லிக்கொடுத்து, பின்விளைவு வருகிறதா என்று பார்க்கவும் பழகிவிட்டால், மீதி அமர்வுகளை வீட்டில் தொடர்வது பற்றி அவரிடமே பேசலாம்.

பக்கவிளைவு உண்டா? யாருக்கு வேண்டாம்?

சிலருக்கு லேசான தலைச்சுற்றல், தலைவலி, கண் அசதி. கழற்றியதும் போய்விடும். கழற்றின உடனே கை இடப்பக்கம் தப்பும் என்பதால் சூடான காபியை அப்போது கையில் கொடுக்காதீர்கள். கொஞ்ச நேரம் உட்கார்த்தி வைத்துவிட்டு எழுப்புங்கள். கால் மணி நேரம் உட்கார முடியாதவர், சொல்வதைப் புரிந்துகொள்ள முடியாதவர், புள்ளியே தெரியாத அளவுக்குப் பார்வை குறைந்தவர் ஆகியோருக்கு இது ஒத்துவராது. சிறுமூளையும் பாதிக்கப்பட்டிருந்தால் பழகிக்கொள்ளும் திறனே குறைந்திருக்கலாம். டாக்டரிடம் ஸ்கேனைக் காட்டிக் கேளுங்கள்.

வேறு என்ன பயிற்சிகள் இருக்கின்றன?

பழையது, இன்றும் அதிகம் நடப்பது, இடப்பக்கம் தேடிப் பார்க்கும் பயிற்சி. நியூயார்க்கில் 1970களில் டில்லரும் வைன்பெர்கும் இதை முறைப்படுத்தினார்கள். தாளின் இடது விளிம்பில் சிவப்புக் கோடு போட்டு, அது கண்ணில் பட்ட பிறகே வாசிக்கத் தொடங்கச் சொல்வார்கள். இதில் ஒரு சங்கடம்: ‘நான் இடப்பக்கம் பார்க்க வேண்டும்’ என்பதை நோயாளியே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். தனக்குக் குறை இருப்பதே தெரியாதவரிடம் அது எடுபடுவது கஷ்டம். பிரிசம் பயிற்சி பலருக்குப் பிடித்துப்போனதற்கு முக்கியக் காரணம் இதுவே. அங்கே நோயாளி எதையும் நம்பவோ நினைவில் வைக்கவோ வேண்டாம், புள்ளியைத் தொட்டால் போதும்.

இடக்கையைக் கொஞ்சமாவது அசைக்க முடிந்தால், இடப்பக்கத்திலேயே வைத்து அசைக்கும் பயிற்சி உண்டு. கழுத்துத் தசையில் அதிர்வு, இடப்பக்கம் நகரும் புள்ளிகளைக் கண்ணால் பின்தொடர்வது, தலைக்கு வெளியிலிருந்து காந்தத் தூண்டல் ஆகியவையும் ஆய்வில் இருக்கின்றன.

வீட்டில் நாங்கள் என்ன மாற்ற வேண்டும்?

பாதுகாப்புக்கான பொருட்கள் வலப்பக்கம், பழக வேண்டியவை இடப்பக்கம். இதை மனதில் வைத்தால் மீதியை நீங்களே முடிவு செய்யலாம். கூப்பிடும் மணி, தண்ணீர், போன் ஆகியவை வலப்பக்கம் இருக்கட்டும். அவசரத்தில் அவை கிடைக்காவிட்டால் பயிற்சி என்ற பேச்சுக்கே இடமில்லை. பேசும்போது முதலில் நேர் எதிரே நின்று அவர் பார்வையைப் பிடித்துக்கொண்டு, மெல்ல இடப்பக்கம் நகருங்கள். அவர் பார்வையும் கூடவே வரட்டும். இடப்பக்கத்திலிருந்தே திடீரென்று தொட்டால் திடுக்கிடுவார்.

தட்டின் இடது விளிம்பில் சிவப்பு டேப் ஒட்டலாம். ‘சிவப்பு தெரியுதா?’ என்று கேட்பது, ‘இந்தப் பக்கம் பாருங்க, எத்தனை தடவை சொல்றது’ என்பதைவிட வேலை செய்யும். சக்கர நாற்காலியில் இடது பிரேக்கைப் போடாமலும், இடது காலைப் பலகையில் வைக்காமலும் எழுந்திருக்கப் பார்ப்பார். நிறைய பேர் விழுவது அப்படித்தான். இடக்கை சக்கரத்துக்குள் தொங்குகிறதா என்றும் பாருங்கள். அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு நழுவி வலி வந்தால் மாதக்கணக்கில் படுத்தும். மாத்திரையை அட்டையோடு கொடுக்காமல் எண்ணிக் கையில் கொடுங்கள்.

‘எனக்கு ஒண்ணும் இல்லை’ என்று மாமனார் அடம் பிடிக்கிறார். இடக்கை தன்னுடையதே இல்லை என்றுகூட ஒரு நாள் சொன்னார்.

இரண்டுமே இந்தப் பாதிப்போடு சேர்ந்து வரக்கூடியவை. குறை இருப்பதை உணராத நிலையை 1914இலேயே பிரெஞ்சு நரம்பியல் நிபுணர் பாபின்ஸ்கி விவரித்திருக்கிறார். புத்தி பேதலித்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், வாதாடவும் வேண்டாம். ‘இது உங்க கைதான் மாமா’ என்று நிரூபிக்கப் போனால் அவர் ஒரு கதை சொல்லி மறுப்பார். அந்தக் கையை அவர் முன்னால் கொண்டுவந்து, வலக்கையால் பிடித்து எண்ணெய் தடவச் சொல்லுங்கள். இந்த நிலை பெரும்பாலானோருக்கு வாரக்கணக்கில் குறைந்துவிடும்.

எவ்வளவு நாளில் சரியாகும்? ஒரு வருடம் ஓடிவிட்டது, இனி முயல்வதில் அர்த்தம் உண்டா?

தானாக வரும் முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் மூன்று மாதங்களில் வந்துவிடும். ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு அதன் பிறகும் ஓரளவு தங்கிவிடுகிறது. தாமதமானாலும் முயலலாம். மேலே சொன்ன ஃப்ராசினெத்தி குழுவின் ஆய்வில் இருந்தவர்களும் ஸ்ட்ரோக் வந்து மாதங்கள் கடந்தவர்களே.

பைக், கார் ஓட்டலாமா?

டாக்டர் சோதித்துச் சம்மதிக்கும்வரை கூடாது. கைகால் பலம் திரும்பிவிட்டது என்பது காரணம் ஆகாது. இடப்பக்கம் நடந்து போகிறவரும், இடப்பக்கமாக முந்த வருகிற வண்டியும் அவர் கணக்கிலேயே இருக்க மாட்டார்கள்.

யாரிடம் போய்க் கேட்பது?

நரம்பியல் டாக்டரிடமோ, மறுவாழ்வு மருத்துவத் துறை டாக்டரிடமோ ‘ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவர் நெக்லெக்ட் இருக்கிறதா என்று சோதிக்கட்டும்’ என்று கேளுங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்பவர் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளர். பிசியோதெரபி எல்லா ஊரிலும் கிடைக்கிறது, ஆக்குபேஷனல் தெரபி அப்படி இல்லை. மருத்துவக் கல்லூரி உள்ள ஊர்களில் விசாரியுங்கள். பிரிசம் பயிற்சி தருகிறோம் என்று சொன்னால் மூன்று கேள்வி போதும்: எத்தனை டிகிரி அல்லது டயாப்டர், எத்தனை அமர்வு, கழற்றிய பிறகு பின்விளைவை அளப்பீர்களா. மூன்றாவதற்குத் தெளிவான பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள். போகும்போது கோடு போட்ட அந்தத் தாளையும், சாப்பிட்டு முடித்த இலையின் போட்டோ ஒன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள். அறையில் எதிரே உட்கார்ந்து ஐந்து நிமிடம் பேசும்போது உங்கள் அப்பா ரொம்ப நன்றாகவே இருப்பார்.